வீட்டில் கைத்துப்பாக்கித் தோட்டா ரீலோடிங்: முதலில் எந்தக் கருவி வாங்குவது?

கொங்கன்_டல்லாஸ்:
அனைவருக்கும் வணக்கம். வார இறுதியில் யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கம்) போட்டிகளுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து 9 மி.மீ. தோட்டா தண்ணீராகச் செலவாகிறது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் தரையிலிருந்து பொறுக்கி, கராஜில் வாளி வாளியாகச் சேர்த்தாயிற்று. இனி வீட்டிலேயே ரீலோடு செய்வது, அதாவது அந்தக் கூடுகளில் புதுப் பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்துத் திரும்பத் தோட்டாவாக்குவது என்று முடிவு. டில்லான் எக்ஸ்எல் 750 மாதிரி, ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் ப்ரோகிரெஸ்ஸிவ் பிரஸ்ஸை நேரடியாக வாங்கிவிடலாமா, இல்லை ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜில் தொடங்கிப் படிப்படியாகப் போவதா? துப்பாக்கி சிஇசட் ஷேடோ 2. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேகமணி:
நேரடியாக 750. சிங்கிள் ஸ்டேஜில் ஒவ்வொரு கட்டத்துக்கும் டையை (பிரஸ்ஸில் திருகும் அச்சு) மாற்றி, ஒவ்வொரு கூட்டையும் திரும்பத் திரும்பக் கையில் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 50 தேறினால் பெரிது. 750-இல் கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழும். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவருக்கு சிங்கிள் ஸ்டேஜ் ஈடுகொடுக்காது. சின்னதை வாங்கி, அலுத்துப்போய், அப்புறம் பெரியதை வாங்குவது இரட்டைச் செலவு.

பழையஇரும்பு:
தம்பி கொங்கன், பிரஸ் மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் வாங்க வேண்டியது ரீலோடிங் கையேடு, அதுவும் இரண்டு. லைமன், ஹார்னடி, ஸ்பியர் இவற்றில் எந்த இரண்டானாலும் சரி. பலர் நேராகப் பவுடர் அளவு அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள். அட்டவணைக்கு முன்னால் இருக்கும் அத்தியாயங்களில்தான் கண்ணும் கையும் காக்கிற விஷயம் இருக்கிறது. பவுடர் அளவை எந்த உரையாடலிலிருந்தும் எடுக்காதீர்கள், இங்கே நான் எழுதினாலும் எடுக்காதீர்கள். கையேட்டில் தொடக்க அளவு என்று ஒன்று போட்டிருப்பார்கள். அங்கிருந்துதான் ஏற வேண்டும். ஒரே குண்டுக்கு, ஒரே பவுடருக்கு இரண்டு கையேடுகள் வேறு வேறு எண் சொல்லும். சோதித்த குழலும் கூடும் பிரைமரும் வேறு என்பதால் அப்படி. குறைந்ததில் தொடங்குங்கள்.

இரண்டாவது தராசு. ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். 9 மி.மீ. தோட்டாவுக்குள் போவது பெரும்பாலும் ஒற்றை இலக்கக் கிரெயின் பவுடர்தான். அதில் பத்தில் ஒரு பங்கு கிரெயின் கூட கணக்குக்கு வரும். மலிவான டிஜிட்டல் தராசுகள் சூடேறினாலோ, பக்கத்தில் மின்விசிறி ஓடினாலோ எண்ணை மெல்ல நகர்த்திவிடும். பழைய ஆர்சிபிஎஸ், ஓஹாஸ் கோல் தராசுகளுக்குப் பேட்டரியும் வேண்டாம், இந்தத் தொல்லையும் இல்லை. எந்தத் தராசானாலும் ஒரு செட் எடைக்கல் வாங்கி, வேலை தொடங்கும்போதும் நடுவிலும் சரிபாருங்கள்.

இப்போது பிரஸ். நான் சிங்கிள் ஸ்டேஜ்தான் சொல்வேன். கூட்டுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கை உணர வேண்டும். முதல் டை, சுடும்போது விரிந்த பித்தளையைப் பழைய அளவுக்குச் சுருக்கி, செத்த பிரைமரைக் கீழே தள்ளும். டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை வாங்கினால் நேர்ச்சுவர்க் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுத்து வாயைக் கொஞ்சம் அகட்டுவது, புதுப் பிரைமரை அழுத்துவது, பவுடர் போடுவது, குண்டை உட்கார வைப்பது, கடைசியாகக் கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது. பிரைமர் அதன் குழியில் சரியாக உட்காரும்போது கையில் ஒரு அழுத்தம் தெரியும். குழி தளர்ந்த கூடு என்றால் அதுவும் தெரியும். ப்ரோகிரெஸ்ஸிவ்வில் ஐந்து இடங்களில் ஐந்து வேலை ஒரே இழுப்பில் நடக்கும்போது, எந்த இடத்தில் என்ன இடறியது என்று புதுக்கைக்குத் தெரியாது.

சிங்கிள் ஸ்டேஜ் வீணாகவும் போகாது. நாளைக்கு நீங்கள் 750 வாங்கினாலும் தவறாகப் போன தோட்டாவைப் பிரிக்க, புது டையைச் சோதிக்க அது மேசையிலேயே இருக்கும்.

வேகமணி:
இரும்பு அண்ணா சொல்லும் கையேடு, தராசு இரண்டுக்கும் முழு சம்மதம். ஆனால் கையால் உணர்வதற்குத் தனி பிரஸ் தேவையில்லை. 750-இலும் ஒரே ஒரு கூட்டை வைத்து, அது ஐந்து இடங்களையும் சுற்றி வந்து தோட்டாவாக விழும் வரை பார்க்கலாம். முதல் வாரம் முழுக்க அப்படியே செய்யலாம். அதோடு, அதில் மூன்றாவது இடத்தில் பவுடர் செக் பொருத்த முடியும். பவுடர் அதிகமானாலோ இல்லாமல் போனாலோ அலாரம் அடிக்கும். சிங்கிள் ஸ்டேஜில் அந்தக் காவல் உங்கள் கண் மட்டும்தான்.

ஓஹியோ_செல்வி:
வேகமணி, அந்த அலாரம் நல்லது. ஆனால் கண்ணுக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். நான் ரிவால்வர்காரி, .38 ஸ்பெஷல். இந்தத் தோட்டா 1898-இல் வந்தது. கரும்பவுடர் காலத்துக் கொள்ளளவு அதற்கு. இன்றைய வேகமான புகையில்லாப் பவுடரில் மெல்லிய டார்கெட் அளவு போட்டால் கூட்டின் அடியில் கொஞ்சம்தான் தெரியும். தவறி இரண்டு முறை போட்டாலும் வழியாது, குண்டு வழக்கம்போல உட்கார்ந்துவிடும். .38 ஸ்பெஷலுக்கு விதித்த உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இரட்டைப் பவுடர் போன தோட்டா அந்தக் கணக்கை எங்கேயோ கொண்டுபோய்விடும். சிலிண்டரே பிளந்த ரிவால்வர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பருமனான பவுடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடர் என்றால், இரண்டாவது முறை விழுந்தால் வெளியே கொட்டிக் காட்டிக்கொடுக்கும். நூறாண்டு தாண்டிய யூனிக் என்ற பவுடர் இன்றும் விற்பதற்கு இது ஒரு காரணம், பவுடர் அளவியில் அது சீராக விழாது என்ற குறை இருந்தாலும். டைட்கிரூப் மாதிரி அடர்ந்த பவுடர் சிக்கனமானது, சுத்தமானது, ஆனால் துளிதான் போகும். அதைத் தொடக்கத்தில் தொடாதீர்கள்.

இன்னொன்று, பவுடரே விழாமல் போனால் அதுவும் ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் நகர்த்தி அங்கேயே விட்டுவிடும். சத்தம் 'பட்' என்று மெலிந்து கேட்கும், உதைப்பு இருக்காது. போட்டி வேகத்தில் ஸ்லைடைத் தட்டி இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் போயிற்று. எங்கள் ரேஞ்சில் ஒருவருக்கு அப்படிச் சத்தம் வந்தபோது, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் நிறுத்தச் சொன்னார்கள். அவரும் நிறுத்தினார். கழற்றிப் பார்த்தால் குண்டு பாதிக் குழலில் நின்றிருந்தது. சத்தம் மாறினால் நிறுத்துங்கள், தோட்டாக்களை இறக்குங்கள், குழலைப் பாருங்கள்.

நியூஜெர்சி_நண்பன்:
ஒரு சந்தேகம். நான் ஹெச்1பி-யில் இருக்கிறேன். துப்பாக்கி என்னிடம் இல்லை. நண்பருக்காக ரீலோடிங் செய்து கொடுத்தால் பிரச்சினை வருமா?

ஓஹியோ_செல்வி:
வரும், பெரிதாக வரும். அமெரிக்க மத்திய சட்டப்படி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக்கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்குக்குள் வருகிறீர்களா என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு தோட்டாவைக்கூடக் கையில் எடுக்காதீர்கள். விசாவே போய்விடும். கிரீன் கார்டு வந்துவிட்டால் மத்திய சட்டத்தில் இந்தத் தடை இல்லை. அதன் பிறகு மாநிலச் சட்டம் பார்க்க வேண்டும்.

நண்பருக்குச் செய்து கொடுப்பதும் தனிக் கதை. சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்ய மத்திய உரிமம் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் ஏடிஎஃப்-இன் (துப்பாக்கி, வெடிபொருள்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) 06 வகை உரிமம் வேண்டும், 11 சதவீத எக்சைஸ் வரியும் வரும். காசு வாங்காமல் கொடுத்தாலும் நான் செய்ய மாட்டேன். என் கையால் நிரப்பிய தோட்டா என் துப்பாக்கிக்கு மட்டும்.

கோவை_குறிபார்ப்பவன்:
இங்கே ரைபிள் கிளப்பில் சுடுகிறேன். இந்தியாவில் இதைச் செய்ய வழி உண்டா?

பழையஇரும்பு:
வேண்டாம் தம்பி. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டில் மேசை போட்டுச் செய்கிற காரியம் அங்கே இல்லை. கிளப் வழியாக வருவதையே வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இழையில் நாங்கள் பேசுவது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு.

கொங்கன்_டல்லாஸ்:
செல்வி அக்கா சொன்னதைக் குறித்துக்கொண்டேன், பவுடரில் அவசரப்பட மாட்டேன். இதில் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

வேகமணி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடு இலவசம். ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் என்று வைத்தால் ஒரு பவுண்டு பவுடரில் 1400 தோட்டா. ஆக, செலவு பெரும்பாலும் குண்டிலும் பிரைமரிலும்தான். 9 மி.மீ. கடையிலேயே மலிவு என்பதால் அதில் மிச்சம் குறைவு. .45, .44 மேக்னம், .38 ஸ்பெஷல் மாதிரி கடையில் விலை கூடிய தோட்டாக்களில் நல்ல மிச்சம்.

போட்டிக்காரருக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. யூஎஸ்பிஎஸ்ஏ-வில் மைனர் பிரிவுக்குத் தோட்டாவின் பவர் ஃபாக்டர் குறைந்தது 125 இருக்க வேண்டும். குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி வேகமோ அதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 147 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 132. கடைத் தோட்டா பெரும்பாலும் இதைவிட வேகமாகப் போகும். அந்தக் கூடுதல் உதைப்பு நமக்கு வேண்டாம். கனமான குண்டை மெதுவாக அனுப்பி, 125-க்குக் கொஞ்சம் மேலே நின்றால் துப்பாக்கி கையில் அமைதியாக இருக்கும். அதற்கு ஒரு குரோனோகிராஃப் வாங்குங்கள். வேகத்தை அளக்காமல் பவர் ஃபாக்டரைச் சொல்ல முடியாது.

பழையஇரும்பு:
மிச்சம் பற்றிப் பேசும்போது 2020-ஐ மறக்கக்கூடாது. அந்த ஆண்டு துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் திவால் மனுப் போட்டது. ஆர்கன்ஸாஸில் லோனோக் ஊரில் இருக்கும் அதன் தோட்டா ஆலை விஸ்டா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. கொரோனா, தேர்தல், புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்து கடைகளில் பிரைமர் அலமாரி காலி. பவுடரும் குண்டும் கையில் இருந்தும் பிரைமர் இல்லாமல் உட்கார்ந்தவர்கள் ஏராளம். 2013-இலும் இப்படி ஒரு பஞ்சம் வந்தது. ஆகவே விலை சீராக இருக்கும்போது பிரைமரைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அதற்கும் அளவு உண்டு. என்எஃப்பிஏ 495 என்ற தீப்பாதுகாப்பு விதியில் வீட்டில் 10,000 பிரைமர் வரை, புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை அசல் டப்பாவிலேயே வைக்கலாம் என்று இருக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஒரு அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். உங்கள் ஊர் தீயணைப்பு விதி இன்னும் இறுக்கமாக இருக்கலாம். இரும்புப் பெட்டியில் இறுக்கிப் பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழி வேண்டும்.

பவுடரை வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா. வேலை முடிந்ததும் அளவியில் மீந்ததை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். எந்தப் பவுடர் என்று நினைவில்லாமல் ஒரு கிண்ணம் கிடந்தால், அதை வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

கொங்கன்_டல்லாஸ்:
அண்ணா, அந்த வாளிகளை என்ன செய்வது? அப்படியே கழுவிவிடலாமா?

பழையஇரும்பு:
முதலில் பிரிக்க வேண்டும். ரேஞ்ச் தரையில் கிடப்பதெல்லாம் 9 மி.மீ. ஆகாது. .380 பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், 17 மி.மீ. நீளம்தான்; உங்கள் கூடு 19. ரஷ்ய மக்காரோவ் துப்பாக்கியின் கூடும் கலந்து வரும். இரும்பு, அலுமினியக் கூடுகளைக் காந்தமும் நிறமும் காட்டிக்கொடுக்கும், அவற்றைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் சில கூடுகளில் சுவர் நடுவில் படி மாதிரி ஒரு திட்டு இருக்கும். அந்தத் திட்டில்தான் பித்தளை கிழியும், உள்ளே இடமும் குறைவு. அவையும் குப்பைக்கு. ராணுவக் கூடுகளில் வட்டத்துக்குள் சிலுவை முத்திரை இருக்கும். பிரைமரைச் சுற்றி நெரித்திருப்பார்கள், அந்த நெரிப்பை அகற்றாமல் புதுப் பிரைமர் உட்காராது. .45 ஏசிபி-க்குப் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். பெரிய பிரைமர்க் கூடும் சின்னப் பிரைமர்க் கூடும் கலந்திருக்கும். சின்னக் குழிக்குள் பெரிய பிரைமரை ப்ரோகிரெஸ்ஸிவ் நசுக்கினால் அது அங்கேயே வெடிக்கக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கைப்பிடியைத் தொடாதீர்கள்.

கூட்டுக்கு உள்ளே அடிப்பகுதியில் பாருங்கள், நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை, ரீலோடு செய்யலாம். இரண்டு சின்னத் துளைகள் என்றால் பெர்டான் வகை, டையின் ஊசிதான் உடையும். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர், ஐரோப்பாவில் பரவியது பெர்டான். ரீலோடிங் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் துளை ஒரு பெரிய காரணம்.

ஓஹியோ_செல்வி:
கழுவுவது பற்றி நான் சொல்கிறேன், இது எனக்கு முக்கியம். பிரைமரில் ஈய ஸ்டிஃப்னேட் இருக்கிறது. சுட்ட கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் சாம்பலில் ஈயம். வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு உலர் டம்ளரில் (கூடுகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் பொறி) சுற்றினால், மூடியைத் திறக்கும்போதும் சலிக்கும்போதும் அந்தத் தூசு மூச்சில் போகும். வீட்டுக்குள் அதைச் செய்யவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கராஜிலும் யோசிக்க வேண்டும். ஸ்டீல் ஊசியும் தண்ணீரும் வைத்துச் சுற்றும் ஈர டம்ளர் வாங்குங்கள். தூசு பறக்காது, பிரைமர் குழியும் சுத்தமாகும். காய வைப்பதுதான் கூடுதல் வேலை. ரீலோடிங் மேசையில் சாப்பிடாதீர்கள், காபி வைக்காதீர்கள், முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், அப்போது உடுத்தியிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். மருத்துவரிடம் வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த ஈய அளவையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான் கேட்டுச் சேர்த்திருக்கிறேன்.

கொங்கன்_டல்லாஸ்:
சனிக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு எஸ்டேட் சேலுக்கு (ஒருவர் வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்பது) போனேன். ஒரு பெரியவரின் கராஜ். பச்சை நிற ஆர்சிபிஎஸ் பிரஸ், கோல் தராசு, டைப் பெட்டிகள், சில பவுடர் டப்பாக்கள், அப்புறம் இடுக்கி மாதிரி ஒரு கைக்கருவி. எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை சொன்னார்கள். வாங்கலாமா?

பழையஇரும்பு:
இரும்பை வாங்குங்கள், பவுடரை விட்டுவிடுங்கள். திறந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடியைத் திறந்ததும் புளித்த காரமான நெடி அடித்தாலோ, துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புத் தூசு இருந்தாலோ அது கெட்டுப்போன பவுடர்.

அந்தப் பச்சைப் பிரஸ் ஆர்சிபிஎஸ்-இன் ராக் சக்கர் மாடலாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆர்சிபிஎஸ்-ஐ ஃபிரெட் ஹண்டிங்டன் 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கினார். ராக் சக் என்கிற மார்மட்டை (பாறைகளில் வாழும் பெரிய தரை அணில்) வேட்டையாட, குண்டு அழுத்தித் தயாரிக்கும் டை செய்தார். ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்பதுதான் கம்பெனியின் பெயர். பிரஸ் முழுக்க வார்ப்பிரும்பு. கைப்பிடிக் கம்பி தளர்ந்திருக்கிறதா, ராம் (கூட்டை ஏந்தி மேலே ஏறும் தண்டு) பக்கவாட்டில் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மேலே டை போகும் மரையை அளந்து பாருங்கள். 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்றால் இன்று கடையில் வாங்கும் டையும் அதில் பொருந்தும். பழைய கருவி சேர்ப்பதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது: தாத்தா காலத்துப் பிரஸ்ஸில் நேற்று வாங்கிய டை ஏறும். டில்லானின் ஸ்கொயர் டீல் பி மாதிரி சில மட்டும் விலக்கு, அதற்குத் தனி டைதான்.

இடுக்கி மாதிரி என்கிறீர்களே, அது லைமன் 310 ஆக இருக்கும். அதன் வம்சம் ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய ஐடியல் கம்பெனிக்குப் போகும். 1925-இல் லைமன் அதை வாங்கியது. குதிரையில் போனவன் சேணப்பையில் கொண்டுபோகத்தக்க கருவி. கூடவே வரும் சின்ன டைகளை விடாதீர்கள், தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். மர மேசையில் வைத்து அழகு பார்க்கவும் நன்றாக இருக்கும், சும்மா உட்கார்ந்து .38 நிரப்பவும் நன்றாக இருக்கும். சான் டியேகோவில் செய்த ஸ்டார் பிரஸ் எங்காவது கண்ணில் பட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். டில்லான் வருவதற்கு வெகுகாலம் முன்பே, புல்ஸ்ஐ என்ற இலக்குப் போட்டிக்காரர்கள் ஒரு இழுப்பில் ஒரு தோட்டா எடுத்த பொறி அது.

வேகமணி:
சரி, ராக் சக்கர் கிடைத்துவிட்டால் நான் வாதத்தை விட்டுவிடுகிறேன். அதில் கற்றுக்கொள்ளுங்கள், கோடையில் 750 வாங்குங்கள். ரெண்டும் ஒரே மேசையில் இருக்கட்டும்.

கொங்கன்_டல்லாஸ்:
ராக் சக்கரேதான், வாங்கிவிட்டேன், 310-ஐயும் சேர்த்து. கையேடு இரண்டும் வந்தாயிற்று. பிரைமரும் பவுடரும் இல்லாமல் ஒரு மாதிரித் தோட்டா செய்து பார்த்தேன், பூச்சுப் போட்ட 124 கிரெயின் ஈயக் குண்டு. நீளம் 1.150 அங்குலம். உச்ச வரம்பு 1.169 என்று போட்டிருக்கிறது, ஆனால் சிஇசட் குழலுக்குள் போட்டால் கடைசிக் கொஞ்சம் உள்ளே போகாமல் நிற்கிறது.

பழையஇரும்பு:
அது சிஇசட்டின் சுபாவம், குழலின் உட்சுவரில் குண்டைச் சுழற்றும் வரிகள் (ரைஃப்ளிங்) சீக்கிரமே தொடங்கிவிடும். 1.169 என்பது பொதுவான உச்ச நீளம். உங்கள் குழலுக்கு எது சரி என்று அது சொல்லாது. குழலைக் கழற்றிக் கையில் பிடித்துத் தோட்டாவைப் போடுங்கள். 'டொக்' என்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். மார்க்கர் பேனாவால் குண்டைக் கருப்பாக்கி மறுபடி போட்டால் எங்கே உரசுகிறது என்று தெரியும். குண்டின் தோளில் கோடு விழுந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். கூட்டின் வாயில் கோடு விழுந்தால் டேப்பர் கிரிம்ப் போதவில்லை என்று அர்த்தம். 9 மி.மீ. தோட்டா அதன் கூட்டின் வாய் விளிம்பு தாங்கித்தான் குழலுக்குள் நிற்கிறது, அதனால் ரிவால்வர் மாதிரி உருட்டிக் கிரிம்ப் செய்யாதீர்கள். அகட்டிய வாய் நேரானால் போதும்.

குண்டு உள்ளே போகப் போகக் கூட்டில் இடம் குறையும், அழுத்தம் ஏறும். ஆகவே நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதே குண்டுக்குக் கையேட்டில் எந்த நீளத்தில் சோதித்தார்கள் என்று பாருங்கள். உங்களுடையது அதைவிடக் குட்டையாக வந்தால், அந்தக் குண்டை விட்டுவிட்டு மூக்கு மெலிந்த வேறு குண்டு தேடுவது நல்லது. ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிச் சோதித்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.